பி பக்கத்தின் கடைசி வளையம்

ஒன்பதாவது சுற்றில் நாய் மூச்சு வாங்கியது.

வாங்கியிருக்க முடியாது. இசைத்தட்டின் தடம் என்பது ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு போகும் ஒரே நீளக் கோடு. பாட்டு முடிந்த பிறகு ஊசி நடுவிலுள்ள காகித வட்டத்தில் போய் இடிக்காமலிருக்க, அந்தக் கோட்டின் கடைசிச் சுற்றைத் தன் வாலைத் தானே கவ்வும்படி வளையமாக மூடிவிடுவார்கள். அதற்குள் விழுந்த ஊசிக்கு வெளியே வர வழியில்லை. யாராவது எழுந்து வந்து தூக்கும்வரை சுற்றிக்கொண்டேயிருக்கும். வழக்கமாக அந்த வளையத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கும். சில குறும்புக்காரர்கள் மட்டும் அதிலும் எதையாவது பதித்து வைப்பார்கள். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுழலும் சின்னத் தட்டில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். அந்த நேரத்துக்குள் ஒரு ஊளையைப் பதித்துவிட்டால், அந்த ஊளை மட்டுமே வரும். அதே உயரம், அதே நீளம். பிளாஸ்டிக்கில் வெட்டிய பள்ளத்துக்குக் களைப்பு தெரியாது.

அவன் ஊசியைத் தூக்கினான். அதன் நுனியைச் சின்ன பிரஷ்ஷால் துடைத்தான். காகித வட்டத்தின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, அது தன் எதிரே வரும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்ளலாம் என்று மறுபடி ஊசியை இறக்கினான்.

ஊளை முன்பைவிடத் தாழ்ந்திருந்தது.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தகரக் கூரை வெயிலில் ஒவ்வொரு தகடாக நெளிந்து டிக், டிக்கென்றது. அந்தக் கொட்டகை ஒரு காலத்தில் அவன் மாமனாரின் காருக்காகக் கட்டப்பட்டது. இப்போது காரும் இல்லை, மாமனாரும் இல்லை. கார் வரும் பெரிய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. தோட்டத்துப் பக்கம் வெளியே திறக்கும் ஒற்றைக் கதவு மட்டும் இருந்தது, அதன் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான். ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க ஏழு அங்குலத் தட்டுகள். பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று இரண்டே பாட்டு கொண்ட அவற்றைச் சிங்கிள் என்பார்கள். அவனிடம் இருந்ததெல்லாம் யாரும் கேள்விப்படாத கராஜ் ராக், பங்க் குழுக்களின் சிங்கிள்கள். கார் கொட்டகைகளில் மூன்று நான்கு பையன்கள் கூடி, கடன் வாங்கிய கிட்டாரில் தெரிந்த இரண்டே ஸ்வரக்கூட்டை வைத்துக்கொண்டு, கிடைத்த ஒரே சான்ஸில் போட்ட சத்தம். அதிலும் மிருகங்களைப் பற்றியவை மட்டும். மூட்டைப்பூச்சி மேல் பாடப்பட்ட தொண்ணூற்று நான்கு வினாடிப் பாட்டு ஒன்று. பாடகனுக்கு ஜலதோஷம் பிடித்திருந்ததால் பிரமாதமாக அமைந்துவிட்ட கழுதைப் பாட்டு ஒன்று. குளவி, வௌவால், அட்டை, பன்றி. தட்டு சேர்ப்பவர்கள் வட்டாரத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜூக்காரர் என்றால்தான் தெரியும்.

மனைவிக்கு இதில் வேடிக்கை. "வீடு பூரா எலிப்பாட்டு இருக்கு. எலிக்கு மருந்து வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் மறந்துடுது" என்பாள். அவன் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவன், அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். "ஒருத்தர் காது, ஒருத்தர் கண்ணு. வாயைத்தான் ரெண்டு பேரும் எங்கயோ தொலைச்சுட்டாங்க" என்பது மச்சானின் பழைய ஜோக்.

அன்று காலையும் வாய் தொலைந்துதான் இருந்தது. அவனுக்கு விடுமுறை. பார்சல் வந்திருந்தது. கொட்டகைக்குள் தூசி வரக்கூடாது என்பது அவன் சட்டம், அதனால் அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கைப்பையில் சாவி தேடிக்கொண்டே என்னவோ சொன்னாள். கடைசியில் "சரியா?" என்றாள். அவன் அட்டையின் ஓரத்தைப் பிளேடால் கீறிக்கொண்டே "சரி" என்றான். எதற்குச் சரி என்றான் என்பது தெரியாது.

பார்சலை அனுப்பியவர் வெளியூர் வியாபாரி, தாடிக்காரர். போன வாரமே போனில் சொல்லியிருந்தார். "சார், நீங்க தேடற நாய் சிங்கிள் சிக்கிடுச்சு. ஆனா பி பக்கம் ஏதோ கோளாறு. ஓட விட்டுட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா வேற மாதிரி கத்துது." ஊசி தேய்ந்திருக்கும் என்று அவன் சிரித்துவைத்தான்.

இருநூறு பிரதிகள் அடித்த சிங்கிள் அது. இன்று வந்தது அவன் வாங்கிய நூற்று அறுபத்து நான்காவது பிரதி. மற்ற நூற்று அறுபத்து மூன்றும் கீழ் அலமாரியில், 'பழுது' என்று எழுதிய பெட்டிகளில் இருந்தன. நாய் சிங்கிளை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்றுதான் பூனையும் பன்றியும் குளவியும் வாங்க ஆரம்பித்தான். நாளாக ஆக அவற்றின் மேல் உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையை நினைத்தாலும் அவனுக்குக் கூச்சம்தான்.

அந்தத் தட்டைப் போட்டது அவர்களேதான். மச்சான் டிரம்ஸ், அவன் கிட்டார், இன்னும் இரண்டு பேர். ஒத்திகை இதே கொட்டகையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரிலும் கதவிலும் பழைய மெத்தைகளை அடித்து. கடைசி வளையத்தில் ஒரு நாயை ஊளையிடவிட வேண்டும் என்பது அவன் யோசனை. "யாராவது எழுந்து வர்ற வரைக்கும் அது கத்திக்கிட்டே இருக்கும்டா" என்று சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். நாய்க்கு எங்கே போவது? மச்சானின் தங்கையிடம் பஞ்சு என்றொரு நாய் இருந்தது. தனியே விட்டால் இரண்டே நிமிடத்தில் ஊளையிடும்.

யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கோடை நாளில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பஞ்சுவைக் கொட்டகைக்குள் விட்டான். டேப்பை ஓடவிட்டான். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டான். கால் மணி நேரத்தில் திரும்பி வருவதாகத்தான் எண்ணம். தெருமுனையில் மச்சானின் தங்கை நின்றிருந்தாள். ஆறு மாதமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த விஷயத்துக்கு அன்றைக்குத்தான் தலையாட்டினாள். "படத்துக்குப் போலாம். அண்ணனுக்குத் தெரியக்கூடாது."

இடைவேளையில் அவனுக்கு நாயின் ஞாபகம் வந்தது.

இதை மட்டும் அவன் எந்த வருடமும் தனக்குத்தானே மாற்றிச் சொல்லிக்கொண்டதில்லை. மறந்துபோகவில்லை. விளக்கு எரிந்தது, ஞாபகம் வந்தது, தகரக் கூரையும் ஞாபகம் வந்தது. அவள் கை அவன் கைக்குள் இருந்தது. எழுந்தால் அந்தக் கையை விடவேண்டியிருக்கும். விளக்கு அணைந்தது. அவன் எழவில்லை.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்தான். பின்பக்கத்து மண்ணில் புதைத்தான். கயிற்றை இழுத்துக்கொண்டு காலையிலேயே கேட் வழியாக ஓடிவிட்டது என்றான். மூன்று மாதம் அவள் தெருத்தெருவாகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். கூடவே அவனும் அலைந்தான். அந்த அலைச்சலில்தான் அவளுக்கு அவன் மேல் பிரியம் கெட்டிப்பட்டது. இன்றைக்கும் வேறு நாய் வளர்க்கச் சொன்னால், "அது திரும்பி வந்தா கோச்சுக்கும்" என்று சிரிப்பாள்.

டேப்பை அவன் எரித்திருக்கலாம். எரிப்பதற்கு முன் முதல் மூன்று நிமிடம் கேட்டான். ஊளை அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால் பதித்துவிட்டான். தெருநாய் என்று சொன்னதைக் குழுவில் எல்லோரும் நம்பினார்கள்; டிரம்ஸ் அடித்தே காது மந்தமான மச்சானும் நம்பினான். தட்டு அச்சாகி வந்த பிறகு ஒருநாள் அவள் சொன்னாள்: "நூறு நாய் கத்தினாலும் என் பஞ்சு குரல் எனக்குத் தெரியும்." அன்றைக்கே அவன் பிரதிகளைத் திரும்ப வாங்கத் தொடங்கினான்.

இப்போது ஊசிக்குக் கீழே ஊளை நின்றுவிட்டிருந்தது. வேறொன்று கேட்டது. மரத்தின் மேல் நகம்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

இது இந்த ஒரு பிரதியின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி நினைப்பதற்கும் இடமில்லை. எல்லாப் பிரதிகளும் ஒரே உலோக அச்சில், சூடான பிளாஸ்டிக் உருண்டையை வைத்து அழுத்தி எடுத்தவை. ஒரே முத்திரையை இருநூறு தாளில் குத்துவது மாதிரி. ஒன்றில் இருப்பது எல்லாவற்றிலும் இருக்கும், ஒன்றில் இல்லாதது எதிலும் இருக்காது. அவன் 'பழுது' பெட்டியைத் திறந்தான். உறை பிரிக்காத ஒரு பிரதியை எடுத்து, இதை இறக்கி அதை ஏற்றி, நேராகக் கடைசி வளையத்தில் ஊசியை வைத்தான்.

நகம். மூச்சு. நகம்.

விட்ட இடத்திலிருந்து வரவில்லை. தட்டு மாற்றிய அந்த ஒரு நிமிடமும் அங்கே கழிந்திருந்தது. மூச்சு இன்னும் குறுகியிருந்தது. இன்னொரு பிரதி. இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரை அணைத்தான். அணைத்தாலும் ஊசி தன்பாட்டுக்கு முனகும். தடத்தில் அதிரும் ஊசியே ஒரு சின்ன ஒலிபெருக்கிதான், காதைக் கிட்டே கொண்டுபோனால் கொசுவளவு கேட்கும். இது கொசுவளவு இல்லை. கதவிலிருந்து வருவது போலக் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில், கறையான் அரித்துவிட்டது என்று சொல்லி அவனே ஒரு தகடு அடித்து மூடியிருந்தான். தகட்டுக்கு அடியில் அந்தக் கீறல்கள் அப்படியேதான் இருந்தன.

நாற்பத்தைந்து நிமிட டேப்பில் அவன் கேட்டது மூன்று நிமிடம். மிச்சத்தைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே ஓடினான்.

குளியலறையில் வாந்தியெடுத்தான். தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அதன் கீழேயே நின்றான். தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்பதால் நகரவில்லை. கால் மணி நேரம் இருக்கலாம். தண்ணீரை நிறுத்தியதும் தோட்டத்துப் பக்கமிருந்து அது மறுபடி வந்தது, முன்னைவிட உரக்க, ஆம்ப்ளிஃபையரை யாரோ போட்டுவிட்டது போல. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஐந்து மணிக்கு அவள் வருவாள், அவளுக்குக் கேட்கும். நூறு நாய் கத்தினாலும்.

ஈரத் தலையோடு தோட்டத்தைக் கடந்தான். கொட்டகைக் கதவு பாதி திறந்து கிடந்தது, உள்ளே இருட்டு. அம்மணமாக நிற்பவரைக் கடந்துபோகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதவைத் தள்ளினான். உள்ளே தரையில் காலடி போல ஏதோ நகர்ந்தது. தாழ்ப்பாளைப் போட்டான். சத்தம் கசியும் அடியிடுக்கில், வாசலில் கிடந்த கயிற்றுப்பாயைக் காலாலேயே நெட்டித் தள்ளி அடைத்தான். பாய் எதிலோ தட்டி மேடாக நின்றது. இன்னும் ஒரு தள்ளு. கீழே பார்க்கவில்லை.

நேராகக் கூடத்துக்குப் போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டிவியைப் போட்டான். யாரோ யாருக்கோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டினான்.

கைதட்டலுக்கு நடுவே கேட்டது. தொம், தொம், தொம். சற்று நிற்கும். மறுபடி தொம், தொம், தொம். உடம்பைத் தூக்கிக் கதவில் மோதுகிறது என்று நினைத்துக்கொண்டான். மெத்தைகளைக் கழற்றி வருடங்கள் ஆகியிருந்தன, ஆனாலும் அலமாரிகளில் நெருக்கி அடுக்கிய ஆயிரக்கணக்கான தட்டுகள் மெத்தை வேலையைச் செய்தன. குரல் போல ஒன்று வந்தது. வார்த்தையாக வரவில்லை. அவன் இன்னும் கூட்டினான்.

இரண்டு மணி. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தால் என்ன? வெறும் தட்டு. திறந்தால் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்றால் ஏன் எழவில்லை? சோபாவின் விளிம்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். அன்றைக்கும் இந்தக் கைதான். அன்றைக்காவது இதற்குள் இன்னொரு கை இருந்தது.

மூன்று மணி. மோதல் இல்லை. கீறல் மட்டும்.

மூன்றரை. கீறலுக்கும் கீறலுக்கும் நடுவே ஒரு முழு விளம்பரம் ஓடி முடிந்தது.

நாலு. அவன் அழுதுகொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டியதுதான். அவள் வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, நிற்கவைத்துச் சொல்லிவிட வேண்டும். பஞ்சு ஓடிப்போகலை. நான்தான். இடைவேளையிலேயே எனக்கு ஞாபகம் வந்துச்சு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது முறை குரல் உடையாமல் வந்தது. அடித்துத் துரத்தட்டும். இந்த வீடு அவள் அப்பாவுடையது. போகச் சொன்னால் போகலாம்.

நாலரை மணிக்கு எல்லாம் நின்றது.

டிவியை அணைத்தான். கூரைத் தகடுகள் குளிர்ந்து சுருங்கும் டிக், டிக் மட்டும். அந்த அமைதியில் அவனுக்கு வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி வந்தது, அன்றைக்கு வந்தது போலவே. தைரியம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். சீக்கிரம் வா, ஒரு விஷயம் சொல்லணும். அது போதும்.

சமையலறையில் மணி அடித்தது.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நடந்தான். மேஜை மேல் அவள் கைப்பை. பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர். கைப்பைக்குள் வெளிச்சம், அதிர்வு, அவன் பெயர்.

காலையில் சாவி தேடிக்கொண்டே சொன்னது இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. எங்கேயோ பதிந்துதான் இருந்திருக்கிறது. "கடையில இன்னைக்குக் கரெண்ட் வேலை. மத்தியானமே வந்துடுவேன். வந்து உங்க கொட்டகையில உக்காந்து ரெண்டு பாட்டு கேக்கறேன், எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க. சரியா?"

சரி.

தோட்டம். வெயில் சாய்ந்துவிட்டது. கதவு. தாழ்ப்பாள் அவன் போட்டபடியே. அடியில் கயிற்றுப்பாய், நடுவில் மேடாக.

பாயை இழுத்தான்.

செருப்பு. இரண்டும். தூசி உள்ளே வரக்கூடாது என்று, ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காகக் கழற்றி வைத்த செருப்பு.

தாழ்ப்பாளில் கை வைத்தான். இரும்பு இன்னும் சூடாக இருந்தது. உள்ளே ஊசி சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிய இரைச்சல். அதன் மேல் ஒரு கீறல். அதன் மேல் ஒரு குரல், களைத்து, மிகத் தாழ்ந்து.

"ஏங்க."

கீறல். "ஏங்க." கீறல். "ஏங்க."

ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். அவன் காது தானாகவே எண்ண ஆரம்பித்தது. நாலு. ஐந்து. அதே உயரம், அதே நீளம். எட்டு.

ஒன்பதாவது சுற்றிலும் அது மாறவில்லை. மூச்சு வாங்கவில்லை. பத்தாவதிலும் இல்லை. யாராவது வந்து தூக்கும்வரை சுற்றும். அவன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே நின்றான்.